இருநூறு பவுண்டு ஓவியங்கள்

2020 மார்ச் மாத நடுவில் கொரோனா பரவலால் பிரிட்டனில் கலைக்கூடங்கள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. ஏற்பாடாகியிருந்த கண்காட்சிகள் ரத்தாயின. வகுப்பெடுத்துப் பிழைத்துவந்த ஓவியர்களுக்கு அந்த வருமானமும் நின்றது. ஈஸ்ட் சசெக்ஸில் வசிக்கும் ஓவியர் மேத்யூ பரோஸ், மார்ச் 16 அன்று இன்ஸ்டாகிராமில் ஒரு யோசனையை முன்வைத்தார். கலைஞர்கள் தங்கள் படைப்பைப் படமெடுத்துப் போட்டு, 200 பவுண்டுக்கு மிகாத விலையில் விற்கலாம். விற்ற தொகை 1,000 பவுண்டைத் தொடும்போதெல்லாம், 200 பவுண்டுக்கு இன்னொரு கலைஞரின் படைப்பை வாங்க வேண்டும். 'ஆர்ட்டிஸ்ட் சப்போர்ட் பிளெட்ஜ்' என்ற ஹேஷ்டேக்கைப் போட்டால் போதும். தேர்வுக் குழுவும் இல்லை, கமிஷனும் இல்லை.

அந்த யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. அதன் வழியாகக் கைமாறிய தொகை பல கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு பரோஸுக்குப் பிரிட்டனின் அரச கௌரவமான எம்.பி.இ. விருது கிடைத்தது.

இது பலித்ததற்கு முக்கியக் காரணம், விலையை வெளிப்படையாக எழுதியதுதான். பல கலைக்கூடங்களில் ஓவியத்தின் பக்கத்தில் விலை இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கவே கூச்சப்பட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். இங்கே படத்துக்குக் கீழேயே அளவு, எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா என்ற விவரம், விலை, தபால் செலவு எல்லாம் இருந்தன. ஆசிரியரோ செவிலியரோ சேமிப்பிலிருந்து ஒன்றை வாங்கிவிடலாம். பெரிய கேன்வாஸ்களை ஆயிரக்கணக்கில் விற்றுவந்தவர்களும், மேசை இழுப்பறையில் கிடந்த சிறு கோட்டோவியங்களையும் முன்வரைவுகளையும் எடுத்து விற்பனைக்கு வைத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு சக கலைஞருக்குப் போக வேண்டும் என்ற விதியோ இன்னும் அழகானது. விற்கிறவரே அடுத்த வாடிக்கையாளராகவும் ஆனார்.

இணையத்தில் பார்க்கப்படுவதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2021இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜா வரைந்த கிராமத்துப் பெண்களை, கலைக்கூடத்தின் படியேறியே இராத லட்சக்கணக்கானவர்கள் செல்போனில் பார்த்தார்கள். கேமராவில் எடுத்ததோ என்று பெரிதாக்கிப் பார்த்து வியந்தார்கள். ஆனால் இப்படிக் குவியும் விருப்பக்குறிகள் எதுவும் தாமாக வருமானம் ஆகிவிடாது. ரசிக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கலைஞர்தான் குறைத்தாக வேண்டும். பரோஸின் திட்டம் சாதித்தது அதைத்தான்.

அதற்கு முதல் தேவை நல்ல புகைப்படம். ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் வண்ணம் பளபளத்து, நிறம் வெளுத்துத் தெரியும். நேர்வெயில் படாத ஜன்னலோரம் போதும். ஓவியத்தின் நடுப்பகுதிக்கு நேராகக் கேமராவைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சட்டம் கோணலாகிவிடும். இன்னொரு படத்தில் ஓவியத்தின் பக்கத்தில் நாற்காலியோ கையோ இருக்கட்டும். திரையில் உள்ளங்கை அளவில் தெரிவது வீட்டுச் சுவரில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது அப்போதுதான் புரியும். தூரிகைத் தடம் தெரியும்படி நெருக்கத்தில் எடுத்த படமும் ஒன்று வேண்டும்.

"போட்டால் திருடிவிடுவார்களே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால் 1,080 பிக்சல் அகலத்தில் ஏற்றிய படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரமான அச்சில் எடுத்தால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும். பெரிய கோப்பைக் கலைஞர் தன்னிடமே வைத்துக்கொண்டால் போதும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைஞர் தாமாக வரைந்த ஓவியத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை அவரிடமே இருக்கும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம். காலண்டராக அச்சடித்து விற்கத் தனியே அனுமதி பெற வேண்டும். விலைக்குக் கீழே இதையும் ஒரு வரியாக எழுதிவிட்டால், பின்னால் தகராறுக்கு இடமிருக்காது.