உதிர்ந்த இலையும் கல்லான மரமும்

இந்தியத் தொல்தாவரவியலுக்கு அடித்தளம் இட்டவர் பீர்பால் சாஹ்னி. 1891 நவம்பர் 14 அன்று, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன மலைத்தொடரை ஒட்டிய பேரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ருசிராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அங்கே சிவராம் காஷ்யப்பிடம் தாவரவியல் பயின்ற பீர்பால், 1911இல் பட்டம் பெற்ற கையோடு கேம்பிரிட்ஜின் இம்மானுவல் கல்லூரியில் சேர்ந்தார். புதைபடிவத் தாவரங்களில் அன்று பெரும் புலமை பெற்றிருந்த ஏ. சி. சீவர்ட் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

இத்துறையில் இறங்குவோருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. விலங்கின் எலும்புக்கூடு சில வேளைகளில் முழுதாகவே ஓரிடத்தில் கிடைத்துவிடும். மரம் அப்படியல்ல. உயிரோடு நிற்கும்போதே இலையை உதிர்க்கிறது, மகரந்தத்தைக் காற்றில் விடுகிறது, விதையை வெள்ளத்துக்குக் கொடுக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு சேற்றில் புதைந்து தனித்தனியே கல்லாகிறது. ஆகவே ஒரே மரத்தின் இலைக்கு ஒரு பெயரும் தண்டுக்கு வேறு பெயரும் காய்க்கு மற்றொரு பெயரும் சூட்டி வைப்பது ஆய்வாளர்களின் வழக்கம். எது எதைச் சேர்ந்தது என்று பிறகு நிறுவுவதுதான் கடினமான வேலை. சாஹ்னியின் ஆய்வுகளில் சிறந்தவை அனைத்தும் இந்தக் கேள்வியை ஒட்டியே எழுந்தவை.

1915இல் வெளிவந்த அவரது சிறு கட்டுரை ஒன்றிலேயே இது தெரிகிறது. ஜிங்கோ மரத்தின் சூல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றுக்குள் வேற்றுத் தாவரங்களின் மகரந்தம் புகுந்திருப்பதைக் கண்டார். உயிருள்ள மரத்திலேயே இப்படி நடக்கும் என்றால், கல்லான சூலுக்குள் கிடக்கும் மகரந்தம் அதே இனத்தினுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டலாகாது. இளம் ஆய்வாளர் ஒருவர் தம் துறைக்கு விடுத்த துணிவான எச்சரிக்கை இது.

இந்திய நிலவியல் அளவைத்துறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்திருந்த கோண்டுவானா எனும் பழம்பாறை அடுக்குகளின் தாவரப் படிவங்களைச் சீவர்ட்டும் சாஹ்னியும் சேர்ந்து மறு ஆய்வு செய்து 1920இல் வெளியிட்டனர். 1919இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தோடு நாடு திரும்பிய சாஹ்னி, காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் கற்பித்தார். 1921இல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியரானார். இறுதிவரை அங்கேயே இருந்தார். இந்தியாவின் ஊசியிலை மரப் படிவங்களைப் பற்றிய அவரது மறு ஆய்வு 1928, 1931 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையின் கல்மரமும் அதில் இடம்பெற்றது.

அவர் பெயரை நிலைநிறுத்திய இடம் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் மலை. பதினொரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைக் குழம்பு பரவிய அந்நிலத்தில், குழம்பு அடுக்குகளுக்கு இடையே தாவரங்கள் சிலிக்காவேறிக் கல்லாகியுள்ளன. கல்லை மெல்லிய தகடாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்தால் ஒவ்வொரு செல்லும் தெளிவாகத் தெரியும். இப்படி உள்ளமைப்புகளை ஒப்பிட்டு, அதுவரை தனித்தனிப் பெயர்களில் கிடந்த தண்டு, இலை, பூ ஆகியவற்றை இணைத்து, வில்லியம்சோனியா சீவர்டியானா என்ற முழுத் தாவரத்தை 1932இல் மீட்டுருவாக்கினார். பெயரின் பிற்பாதி ஆசானுக்குச் செய்த மரியாதை.

அதைவிடப் பெரியது 1948இல் வந்த பென்டாக்சைலியே பற்றிய ஆய்வு. அதே மலையின் நிபானியா என்னும் ஊரில் கிடைத்த ஒரு தண்டினுள் பொதுவாக ஐந்து மரக்கட்டைப் பகுதிகள் வட்டமாக நின்றன. பென்டாக்சைலான் என்ற பெயர் அதனால் வந்தது. பட்டை போன்ற நீண்ட இலையும், செதில்களே இல்லாமல் விதைகள் நெருங்கி அமைந்த கனியும் அதே பாறையில் கிடைத்தன. இவை ஒரே தாவரத்தின் உறுப்புகள் என்று சாஹ்னி காட்டினார். சைக்கஸ், ஊசியிலை மரங்கள் ஆகியவற்றின் சாயல்கள் கலந்திருந்தும் எந்தக் குடும்பத்திலும் அடங்காத இதற்குத் தனிப் பிரிவு வகுத்தார். இதன் ஆண்பூவுக்குப் பின்னாளில் சாஹ்னியா என்றே பெயரிட்டனர்.

தாவரங்களைக் கொண்டு பாறையின் வயதைக் கணிப்பதிலும் அவர் இறங்கினார். தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை என்ற கருத்தை எதிர்த்து, அவை அதற்கடுத்த மூன்றாம் ஊழியைச் சேர்ந்தவை என 1934இல் வாதிட்டார். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் கிடைத்த நீப்பாப் பனையின் காய்ப்படிவம் அவருக்குச் சான்றுகளில் ஒன்று. உப்பங்கழிகளில் வளரும் அந்தப் பனை, கடல் ஒருகாலத்தில் உள்நாட்டை நெருங்கியிருந்ததையும் சொல்லியது. அப்பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இரு ஊழிகளும் சந்திக்கும் எல்லையில் உருவானவை என்பது இன்றைய கதிரியக்கக் கணிப்பு.

சொந்த ஊருக்கு அருகிலிருந்த உப்பு மலையில் கணிப்பு கைகொடுக்கவில்லை. உப்பினுள் நுண்ணிய தாவரத் துணுக்குகளைக் கண்ட அவர், அது சுமார் 5 கோடி ஆண்டு மட்டுமே பழையது என்று 1940களில் உறுதியாக வாதாடினார். அந்த உப்பின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்பதே இன்று நிலைபெற்ற முடிவு; துணுக்குகள் பின்னாளில் வந்து கலந்தவை. 1915இல் அவர் பிறருக்கு விடுத்த எச்சரிக்கை இங்கே அவருக்கே பொருந்திவிட்டது.

1936இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1940இல் சென்னையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ரோத்தக்கின் கோக்ராகோட் மேட்டில் பழைய நாணய வார்ப்பு அச்சுகளைக் கண்டெடுத்து, நாணயம் வார்த்த முறை பற்றித் தனி நூலும் எழுதினார்.

தொல்தாவரவியலுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். சாஹ்னியும் மனைவி சாவித்திரியும் தங்கள் செல்வத்தையும் நூல்களையும் படிவச் சேகரிப்பையும் அளிக்க, 1946 செப்டம்பரில் லக்னோவில் அது தொடங்கியது. 1949 ஏப்ரல் 3 அன்று, புதைபடிவங்கள் பதித்த அடிக்கல்லைப் பிரதமர் நேரு நாட்டினார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, சாஹ்னி மாரடைப்பால் காலமானார். பொறுப்பை ஏற்ற சாவித்திரி பணியை முடித்துவைத்தார். 1953 ஜனவரியில் நேருவே கட்டடத்தைத் திறந்தார். தொல்காலநிலை, கடல்சார் நுண்படிவங்கள், பழங்கால மரபணு என ஆய்வுகள் விரிந்ததால், அது இன்று பீர்பால் சாஹ்னி தொல்அறிவியல் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.