தற்காலிகம் என்பது எதுவரை?

'தற்காலிகம்' என்னும் சொல் வடமொழியிலிருந்து நம்மிடம் வந்தது. 'தத்காலம்' என்றால் அந்த வேளை. அந்த வேளைக்கு மட்டும் உரியது தற்காலிகம். பொருள் இவ்வளவு தெளிவாக இருந்தும், நம் நாட்டில் அச்சொல்லைப் போல நீண்ட ஆயுள் பெற்ற சொல் வேறொன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் பணியாற்றியவர் எவரும் இதனை அறிவர். ஜூன் மாதத்தில் 'தற்காலிகக் கால அட்டவணை' என்று தலைப்பிட்டு ஒட்டப்படும் தாள், ஆண்டுத் தேர்வு முடிந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதுதான் கிழிபடும். பள்ளிக்கூடச் சுவரில் இது நகைப்புக்கு உரியது. சாலையின் நடுவில் நேர்ந்தால் நகைப்பதற்கு இல்லை.

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் மக்கள் எழுப்பும் முறையீடு ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். சோதனை முறையில் சில நாட்களுக்கு என்று சொல்லி ஒரு திருப்பத்தை அடைக்கிறார்கள். ஒரு தெருவை ஒருவழியாக்குகிறார்கள். பிறகு அது அப்படியே நின்றுவிடுகிறது என்பதே அம்முறையீடு. அதிகாரிகள் இதனைப் பிடிவாதம் என்று கருதுவதுண்டு. மக்களோ அவர்கள் செய்வதை ஏமாற்று என்று கருதுகிறார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல.

முதலில் காவல் துறையின் பக்கத்தைப் பார்ப்போம். நான்கு சாலைகள் கூடும் ஓரிடத்தில் வண்டிகள் எல்லாத் திசையிலும் செல்லலாம் என்று விட்டுவிட்டால், அவற்றின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டியும் சேர்ந்தும் பிரிந்தும் செல்லும் புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியல் நூல்கள் கணக்கிடுகின்றன. மூன்று சாலைகள் கூடும் முனையில் அவை 9. ஆகவே வலப்புறத் திருப்பத்தை அடைத்து, 'சற்று முன்னே சென்று யூ டர்ன் எடுத்து வாருங்கள்' என்று சொன்னால் மோதும் இடங்கள் குறைகின்றன. சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமும் குறைகிறது. ஜி.எஸ்.டி. சாலை போன்ற பெருவழியில், வெளியூர் செல்லும் வண்டியும், குரோம்பேட்டையில் காய்கறி வாங்கப் புறப்பட்டவரின் மிதிவண்டியும் ஒரே தார்ப்பரப்பில் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஏதேனும் ஒன்றைச் செய்துதான் ஆகவேண்டும். இதனை மறுப்பவர் மாலை ஆறு மணிக்குப் பல்லாவரத்தில் நின்று பார்த்தவர் அல்லர்.

ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. வகுப்பில் பையன்களுக்குக் கொடுப்பது போன்ற ஒரு கணக்கைச் சொல்கிறேன். யூ டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். போக அரை, வர அரை, ஆக ஒரு கிலோமீட்டர் கூடுதல். நாளொன்றுக்கு 2000 வண்டிகள் அவ்வாறு திரும்பினால், 2000 கிலோமீட்டர் ஓட்டம் நேற்று இல்லாதது இன்று அச்சாலையில் சேர்கிறது. அந்த ஓட்டமும் நெரிசலே அன்றோ? அதுவன்றி, அரை கிலோமீட்டர் சுற்ற மனமில்லாத இளைஞன் சாலை ஓரமாகவே எதிர்த்திசையில் வண்டியை ஓட்டி வருகிறான். நடுவில் அடைத்த ஆபத்து ஓரத்தில் வந்து முளைக்கிறது.

மேலும் ஒன்று உண்டு. என் மனத்தை மிகவும் வருத்துவது அதுவே. அடைக்கப்படும் இடைவெளி வண்டிக்கு மட்டும் வழியாக இருந்ததன்று. நடப்பவருக்கும் அதுவே வழி. தாம்பரம், புகைவண்டிப் பாதையாலும் பெருஞ்சாலையாலும் கிழக்கு மேற்கு என்று இரு கூறாகப் பிளந்து கிடக்கும் ஊர். பள்ளி ஒருபுறம், வீடு மறுபுறம். மருந்துக்கடை ஒருபுறம், நோயாளி மறுபுறம். வண்டியை வளைத்து வரச் சொல்லலாம். முழங்கால் வலியோடு நடக்கும் மூதாட்டியை ஒரு கிலோமீட்டர் வளைந்து வரச் சொல்ல முடியுமா? சில இடங்களில் நடைமேம்பாலம் இருக்கிறது. அதற்கு மின்தூக்கி வேண்டும். அது இயங்கவும் வேண்டும். இல்லையெனில் அம்மூதாட்டி கற்றடுப்பின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கைப்பையை முன்னே எறிந்துவிட்டு ஏறிக் கடக்கிறாள். நாள்தோறும் காணும் காட்சி இது. திட்டம் வகுத்தவரின் வரைபடத்தில் இவள் இல்லை.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 115ஆம் பிரிவு இதற்கு உரியது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, குறிப்பிட்ட சாலையில் மோட்டார் வண்டிகள் செல்வதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதனை அரசிதழில் அறிவித்துச் செய்ய வேண்டும். இதற்கு ஒரு விலக்கும் அங்கேயே உள்ளது. கட்டுப்பாடு ஒரு மாதத்திற்கு மேற்படாது என்றால் அரசிதழ் அறிவிப்பு வேண்டியதில்லை. சூழ்நிலைக்கு இயன்றவாறு உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும். சட்டம் இயற்றியோர் மிகுந்த உலக அறிவு உடையவர்கள் என்றே நினைக்கிறேன். அவசரத்திற்கு ஒரு மாதம் இடங்கொடுத்தார்கள். அதற்கு மேல் எழுத்தில் வர வேண்டும் என்றார்கள். இரும்புத் தடுப்பு ஒன்றைச் சாலையில் இழுத்து வைப்பது எளிது. அதற்கு எழுத்தில் காரணம் கூறுவது சற்றுக் கடினம். அந்தக் கடினத்தைத்தான் சட்டம் வேண்டுமென்றே வைத்திருக்கிறது.

நம் மக்கள் மாறுதலையே வெறுப்பவர்கள் என்று எவரேனும் சொன்னால் நான் உடன்பட மாட்டேன். தேர் ஓடும் நாளில் நான்கு வீதியும் அடைபடுகின்றன, எவரும் முணுமுணுப்பதில்லை. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும்போது அப்பகுதியில் நெரிசல் மிகும் என்பதை அறிந்து, பலர் வேறு வழியில் போகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தென்மாவட்டப் பேருந்துகளுக்காகத் தாம்பரத்தில் தற்காலிக நிறுத்தங்கள் அமைந்தபோதும், பெருவழியில் செல்லும் வண்டிகள் வெளிவட்டச் சாலைக்குத் திருப்பப்பட்டபோதும் அந்தச் சில நாட்களின் தொல்லையை ஊர் பொறுத்துக்கொண்டது. ஏன்? முடியும் நாள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முடியும் நாள் தெரிந்த துன்பத்தை மனிதன் எளிதில் சுமப்பான்.

சோதனை என்பதை நேர்மையாக நடத்திய ஓர் ஊரின் செய்தியைச் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், நகருக்குள் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வாங்குவது என்று திட்டமிட்டார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. எனினும் 2006 ஜனவரி 3 அன்று தொடங்கி ஜூலை 31 அன்று சோதனையை நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டணம் உண்மையாகவே எடுக்கப்பட்டது. சோதனைக் காலத்தில் நகர எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கட்டணம் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று இரண்டையும் மக்கள் கண்ணால் கண்டார்கள். அதன்பின் செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நகரத்தார் சிறு பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டார்கள்; 2007 ஆகஸ்டில் கட்டணம் நிலைபெற்றது. ஆனால் வாக்கெடுப்பு நடத்திய அண்டை ஊர்கள் பலவற்றில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. நகரத்தின் வசதிக்குப் புறநகர் விலை கொடுக்கிறது என்பது அவர்கள் எண்ணம். தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, அவர்கள் மொழி நமக்குத் தெரியாவிட்டாலும் அவர்கள் மனம் நமக்கு நன்றாகவே விளங்குகிறது.

இங்கிலாந்தில் சோதனை ஆணைக்கு என்றே ஒரு முறை உண்டு. அது 18 மாதங்களுக்கு மேல் செல்லாது. நிலையானதாக்க வேண்டுமாயின், தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் ஆட்சேபம் சொல்வதற்கு மக்களுக்கு வாய்ப்பு அளித்திருக்க வேண்டும். மாறுதலை நேரில் அனுபவித்துவிட்டுப் பேசுவதால் பேச்சில் கற்பனை குறைகிறது.

நம்மவரிடமும் ஒரு குறை உண்டு. ஆட்சேபம் எழுதுபவர்கள் பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்களும் கார் வைத்திருப்பவர்களுமே. 'என் கடை வாசலில் வண்டி நிறுத்த முடியவில்லை' என்பது உண்மையான குறைதான். ஆனால் அதே அடைப்பினால் பேருந்தில் ஐந்து நிமிடம் முன்னதாக வீடு சேரும் அறுபது பேர் எங்கும் மனு எழுதுவதில்லை. அவர்களுடைய ஐந்து நிமிடமும் கணக்கில் வரவேண்டும். தியாகராய நகரில் பாண்டி பஜாரை நடப்போருக்கு உரிய வளாகமாக 2019இல் மாற்றியபோதும் வண்டி நிறுத்தத்தைப் பற்றிய கவலை எழுந்தது. இன்று அகன்ற நடைபாதையில் முதியோர் அச்சமின்றி நடப்பதை அங்கே காணலாம்.

ஆகவே 'தடுப்பை உடனே எடு' என்று எழுதுவதைக் காட்டிலும், எதைச் சோதிக்கிறீர்கள், என்று முடியும், எதை எண்ணுகிறீர்கள், அந்த எண்ணிக்கையை எங்கே காணலாம் என்று கேட்டு எழுதுவது வலிமை உடையது. எவருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தடுப்பு வைப்பது போக்குவரத்துக் காவல்; 2022 ஜனவரி முதல் தாம்பரத்திற்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் உண்டு. பெருஞ்சாலையின் நடுத்தடுப்பு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. உட்தெருக்கள் 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆகவே மூவருக்கும் ஒரே மனுவின் படிகள் செல்லவேண்டும். மாநகராட்சியின் வார்டுகளில் பகுதி சபை கூடும்போது அதே மனுவை அங்கும் படித்துப் பதிவு செய்யலாம்.

மனுவோடு ஒரு கணக்குத் தாளையும் இணைத்தல் நன்று. தெருவிலுள்ள உயர்நிலைப்பள்ளி மாணவர் இருவர் போதும். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை, அடைத்த இடத்தில் நடந்து கடந்தவர் எத்தனை பேர், அவருள் முதியோர் எத்தனை, சிறுவர் எத்தனை, எதிர்த்திசையில் வந்த வண்டிகள் எத்தனை என்று ஒரு வேலை நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் எண்ணி, நாளும் நேரமும் இடமும் குறித்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.