குழாயும் மின்சாரமும்

மனிதனுக்கு நோய் வருவது போலவே அவன் வாழும் வீட்டிற்கும் நோய் வரும். விளக்கு அணைந்துவிடும், குழாய் ஒழுகும், வெந்நீர்க் கலம் சுடாது. உடனே ஆளைத் தேடி ஓடுகிறோம். அவர் நாளை வருகிறேன் என்பார். அந்த நாளை ஒரு வாரமாய் நீளும். 'நம் வீட்டு வேலையை நாமே செய்துகொண்டால் என்ன?' என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் எதை நாம் செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அறியாமல் இறங்கினால் என்ன நேரும் என்பதை நான் பட்டறிந்தேன். என் பட்டறிவு மன்றத்து நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீடு

எங்கள் குடும்பம் கொச்சி மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பம். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றார்களே, அந்த மட்டாஞ்சேரிதான். பார்க்க வருபவர்களுக்குப் பழைய வீடுகள் அழகு. உள்ளே வாழ்பவர்களுக்கு அவை ஓயாத வேலை. பக்கத்திலேயே காயல் நீர். காற்றில் உப்பு, ஆண்டில் பாதி நாள் மழை. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளைத் திருகு பச்சை பூக்கும். திருகு தளர்ந்தால் அந்த இடத்தில் சூடு பிறக்கும். சூட்டினால் கம்பியின் உறை கருகும். எங்கள் வீட்டில் பாதி நோய் இந்த உப்புக் காற்றினால் வந்ததே.

எங்கள் கொல்லைப்புறச் சுவரடியில் இருந்த இரும்புக் குழாய் சென்ற மழைக்காலத்தில் பொத்துவிட்டது. விடுமுறைக்குச் சென்றிருந்த நான் துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினேன். இரண்டு மணி நேர வேலை. ஒரு சொட்டுக் கசிவில்லை. அப்பா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "படித்த படிப்பு வீண் போகவில்லை" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. குளிர்பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் விரலில் 'சுருசுரு' என்கிறது என்றாள் தங்கை. நான் சிரித்துவிட்டேன். அதற்கடுத்த நாள் காலை, குளியலறையிலிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. வெந்நீர்க் குழாயைத் திறக்கக் கை வைத்தவரை மின்சாரம் உதறித் தள்ளிவிட்டது. காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது. கை குழாயைப் பற்றிக்கொள்ளாமல் விலகிற்று. அதனால் அம்மா பிழைத்தார். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

நோய் எங்கே?

நான் முதலில் செய்தது மெயின் சுவிட்சை அணைத்ததுதான். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டிருக்கும்போது அவரைத் தொடவே கூடாது. மெயினை அணைக்க வேண்டும். அதற்கு வழியில்லையெனில் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். இதனை வீட்டில் சிறுவர்க்கும் சொல்லி வையுங்கள்.

பிறகு நோயைத் தேடினேன். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பது பழகிய முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. டெஸ்டர் நல்ல நிலையில் உள்ளதா என்பதை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு துளையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். உலர்ந்த மரப்பலகை மேல் நின்று குளிர்பெட்டியின் உடலில் டெஸ்டரை வைத்தேன். ஒளி இல்லை. குளியலறைக் கீசரின் சுவிட்சைத் தங்கை போட்டாள். குளிர்பெட்டியில் வைத்திருந்த டெஸ்டர் ஒளிர்ந்தது! கீசரை அணைத்தால் ஒளியும் அணைந்தது.

கீசர் இருப்பது குளியலறையில். குளிர்பெட்டி இருப்பது அடுக்களையில். ஒன்றின் நோய் மற்றொன்றில் தோன்றுவானேன்? எனக்கு விளங்கவில்லை. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, எங்கள் தெருவில் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "அண்மையில் வீட்டில் என்ன வேலை நடந்தது?" என்பது.

"மின்வேலை ஒன்றும் நடக்கவில்லை" என்றேன்.

"மின்வேலையை நான் கேட்கவில்லையே" என்றார்.

குழாயை மாற்றியதைச் சொன்னேன். அவர் நேரே கொல்லைக்குச் சென்றார். சுவரோரம், நான் மாற்றிய இடத்திற்குச் சற்று மேலே, இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்தது. அழுக்கேறிக் கறுத்திருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அதுதான் வீடு முழுமைக்கும் நில இணைப்பு, அதாவது எர்த்து.

நடந்தது இதுதான்

மூன்று துளைப் பிளக்கில் பெரிய துளை எர்த்துக்கு உரியது. கீசர், குளிர்பெட்டி, சலவைப் பொறி ஆகியவற்றின் உலோக உடல்களெல்லாம் இந்தக் கம்பியால் ஒன்றோடொன்று இணைந்து, இறுதியில் மண்ணைச் சேர வேண்டும். உள்ளே கசியும் மின்சாரம் நம் உடலை நாடாமல் மண்ணுக்குப் போவதற்கான வடிகால் அது. முற்காலத்தில் பல வீடுகளில் மண்ணுக்குள் செல்லும் இரும்பு நீர்க்குழாயையே இந்த வடிகாலாகக் கொண்டார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும்கூட அவ்வழக்கம் இருந்தது. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது. ஒரு முழத் துண்டை நான் மாற்றியபோது வீட்டின் வடிகாலையே அடைத்துவிட்டேன்.

கீசருக்குள் நீரைச் சூடாக்கும் கம்பியின் உறை வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அதுவரை அந்தக் கசிவு ஓசையின்றி மண்ணுக்குப் போயிற்று. வழி அடைபட்டதும், எர்த்துக் கம்பி வழியே குளிர்பெட்டிக்கும், இரும்புக் குழாய் வழியே குளியலறைக்கும் பரவி நின்றது. அம்மாவின் கையை எதிர்நோக்கி நின்றது என்றே சொல்ல வேண்டும்.

'பியூஸ் ஏன் போகவில்லை?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பியூஸ் கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று. 5 ஆம்பியர் பியூஸ் அந்த அளவை மீறினால்தான் உருகும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் தடை சுமார் 1000 ஓம் எனக் கொண்டால், உடல் வழியே 0.23 ஆம்பியர் பாயும். பியூசுக்கு அது ஒன்றுமில்லை. மனிதனுக்கு அது மரணம். மனிதனைக் காக்கும் கருவி வேறு. அதனை ஆர்.சி.சி.பி. என்பர். வீட்டுக்குள் சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் எடை பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலும் இமைப்பொழுதில் துண்டித்துவிடும். அதன் மேல் 'டி' என்ற பொத்தான் இருக்கும்; அதனை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததே.

வயர்மேன் புதிதாகக் குழி தோண்டி முறையான எர்த்து அமைத்தார், கீசரின் கம்பியை மாற்றினார், ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினார்.

நாமே செய்யக்கூடியவை

இவ்வளவு கேட்டபின் கருவிப் பெட்டியை மூடிவிட வேண்டியதில்லை. செய்யக்கூடியவை பல.

ஒழுகும் குழாய்: பெரும்பாலும் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வால்வை மூடிவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றி, புது வாஷரை இடுங்கள். நொடிக்கு 1 சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகும். ஆலுவாவிலிருந்து பெரியாற்று நீர் வந்து சேர வேண்டிய எங்கள் ஊரில் அது சிறு இழப்பன்று.

நீர் மெதுவாக வருதல்: ஒரு குழாயில் மட்டும் என்றால் வாயிலுள்ள வலையில் மண் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவினால் போதும். எல்லாக் குழாயிலும் என்றால் தொட்டியையும் முதன்மை வால்வையும் பாருங்கள்.

கீசர் தாமதமாகச் சுடுதல்: 15 லிட்டர் நீரை 30 பாகை சூடேற்ற 2 கிலோவாட் கீசருக்குச் சுமார் 16 நிமிடம் வேண்டும். மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் 21 நிமிடம் ஆகும். மாலை நேரத்தில் மட்டும் தாமதமெனில் நோய் கீசரில் இல்லை, மின்னழுத்தத்தில் இருக்கலாம். சுடும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு விழுவதுண்டு. நீர் சூட்டில் விரிவதே காரணம். அதை ஒழுக்கென்று எண்ணி ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். அடைத்த கலம் வெடிக்கக்கூடும்.

பியூஸ்: மெயினை அணைத்தபின், போன கம்பியின் அளவுக்கே புதுக் கம்பி இடுங்கள். தடித்த கம்பி இட்டால் பியூஸ் பிழைக்கும்; சுவருக்குள் இருக்கும் கம்பி எரியும்.

எல்லை

சட்டமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்விதிகளின் 45-ஆம் விதி, விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை அவற்றின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள இடந்தந்தது. அதற்கு மேற்பட்ட மின்வேலைகளை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்றது. இருப்பதைப் போன்ற ஒன்றை இருந்த இடத்தில் வைப்பது நம் வேலை. தன்மையை மாற்றுவது அவர் வேலை. இந்த அளவுகோல் மின்சாரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே நான் கற்றது. நான் மாற்றியது வெறும் குழாய்த் துண்டுதான். ஆனால் இரும்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைத்ததால் வீட்டின் தன்மையே மாறிவிட்டது.

ஆகவே நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு எர்த்துக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று தேடிப் பாருங்கள். அது நீர்க்குழாயில் முடிந்தால் அன்றே ஒரு வயர்மேனை அழையுங்கள். வீட்டில் யாரேனும் 'சுருசுரு என்கிறது' என்று சொன்னால் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.