சாயம் அடிக்கும் முன்னே பிள்ளைகளைக் கவனியுங்கள்

தீபாவளிக்கு வீட்டின் வெளிச்சுவருக்குச் சாயம் அடிக்கக் குத்தகைக்காரர் வருகிறாரா? அவர் ஏணி சாத்துவதற்குள் நமக்கும் வேலை இருக்கிறது, தோழர்களே.

பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்தபடியே சுரண்டினால் தூளாகப் பறக்கும். தவழும் பிள்ளை அந்தத் தூசு பட்ட கையை வாயில் வைத்தால் ஈயம் உடம்பில் ஏறும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. இவ்வளவு ஏறினால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆகவே, முதல் நாளே கொடித்துணி, விளையாட்டுச் சாமான்களை உள்ளே எடுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். சுவரோரக் கீரைப் பாத்தியில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். சன்னல், கதவுகளைச் சாத்துங்கள். சுவரை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். "சும்மா தூசுதானே, என்ன ஆயிடப் போவுது?" என்றால் விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் உதிர்ந்த சாயத்தைப் பொறுக்கிப் பையில் கட்டுங்கள். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளையைப் பற்றிச் சந்தேகமா? அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.