முதல் ஆறு நிமிடங்கள்

ஃபிலிம் காலம் – 17

நெகட்டிவ் ஃபிலிமைக் கழுவும்போது கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதைச் சரிக்கட்ட இன்னொரு ஆள் உண்டு. பிரிண்ட் போடுபவர் வெளிச்சத்தையும் ஃபில்டரையும் மாற்றி, முகத்தின் நிறத்தை மீட்டுக் கொடுத்துவிடுவார். ஸ்லைடுக்கு அப்படி யாரும் கிடையாது. கேமராவுக்குள் ஒளி பட்ட அதே ஃபிலிம் துண்டைத்தான் கடைசியில் ப்ரொஜெக்டரிலோ லைட் பாக்ஸிலோ வைத்துப் பார்க்கிறோம். எக்ஸ்போஷரில் அரை ஸ்டாப் பிசகினால் கண்ணுக்குத் தெரியும். கழுவுவதில் பிசகினாலும் அப்படியே தெரியும். நெகட்டிவைத் தயங்காமல் வீட்டிலேயே கழுவுங்கள் என்று சென்ற வாரம் எழுதினேன். ஸ்லைடு விஷயத்தில் அவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஒரு காலத்தில் வண்ண அச்சுத் தொழிலே இந்த ஃபிலிமை நம்பி இருந்தது. சிவகாசி நாட்காட்டிகளுக்கும் வார இதழ்களின் அட்டைகளுக்கும் டிரான்ஸ்பரன்சி என்ற இந்த ஸ்லைடைக் கொடுத்துத்தான் நான்கு வண்ணம் பிரிப்பார்கள். காகிதத்தில் போட்ட எந்தப் பிரிண்ட்டிலும் கிடைக்காத ஆழம் அந்த நிறங்களுக்கு இருந்தது. டிஜிட்டல் வந்ததும் அச்சகத்தின் தேவை தீர்ந்தது. இன்று ஸ்லைடு எடுப்பவர்கள் அந்த நிறத்தின் மேலுள்ள ஆசையால் மட்டுமே எடுக்கிறார்கள். அந்த ஆசை சிறியதல்ல என்பதற்குச் சாட்சி, 2012இல் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமைக் கைவிட்ட கோடாக், 2018இல் அதை ஈ100 என்று மறுபடி கொண்டுவந்ததுதான். அதுவும் சரி, ஃபியூஜியின் வெல்வியாவும் ப்ரோவியாவும் சரி, 1970களில் கோடாக் வகுத்த ஈ-6 என்ற முறையில்தான் கழுவப்படுகின்றன. கம்பெனி எதுவானாலும் ரசாயன வழி ஒன்றே.

அந்த வழி எனக்கு இன்றும் வியப்பளிப்பது. ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கென்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் வெள்ளி உப்பும், பின்னால் சாயமாக மாறப்போகும் கப்ளர் என்ற பொருளும் கலந்திருக்கும். முதல் டெவலப்பர் வெறும் கறுப்பு வெள்ளை டெவலப்பர்தான். ஒளி பட்ட உப்பை மட்டும் அது கறுத்த வெள்ளியாக மாற்றும். அப்போது உள்ளே உருவாவது ஒரு நெகட்டிவ். ஒளி படாமல் மிஞ்சிய உப்பில்தான் நம் படம் ஒளிந்திருக்கிறது. அடுத்த கரைசலான ரிவர்சல் பாத், மிஞ்சிய அந்த உப்பு முழுவதையும் ஒளி பட்ட நிலைக்குக் கொண்டுவந்துவிடும். (ஈ-6க்கு முந்தைய சில முறைகளில் இதற்காக ஃபிலிமையே டேங்கிலிருந்து எடுத்துப் பளீரென்ற விளக்கில் காட்டினார்கள்.) அதன்பின் கலர் டெவலப்பர். உப்பை வெள்ளியாக்கும்போதே அது கப்ளரோடு சேர்ந்து மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்களை விளைவிக்கும். இந்தக் கட்டத்தில் ஃபிலிமை எடுத்துப் பார்த்தால் முழுக்கக் கன்னங்கரேலென்று இருக்கும். முன்பு விளைந்த வெள்ளியும் இப்போது விளைந்த வெள்ளியுமாகச் சேர்ந்து சாயத்தை மறைத்திருக்கும். பிளீச் அந்த வெள்ளியை மறுபடி உப்பாக்கும், ஃபிக்ஸர் உப்பைக் கரைத்து வெளியேற்றும். நிறம் மட்டும் ஃபிலிமில் தங்கும்.

இத்தனை கட்டங்களில் படத்தின் தலையெழுத்தை நிர்ணயிப்பது முதல் டெவலப்பர். 38 டிகிரி செல்சியஸில் ஆறு நிமிடம். கோடாக் அனுமதிக்கும் பிசகு 0.3 டிகிரிதான். சூடோ நேரமோ கூடினால் நெகட்டிவுக்கு அதிக உப்பு செலவாகும். சாயத்துக்கான மிச்சம் குறையும், படம் வெளிறிப்போகும். சூடு குறைந்தால் படம் இருண்டுபோகும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் போன்றதுதான் இது. பதம் தவறிவிட்டால் பிறகு எவ்வளவு பக்குவமாகப் பொரித்தும் பயனில்லை. கலர் டெவலப்பருக்கும் ஓரளவு அந்த அதிகாரம் உண்டு. அதன் காரத்தன்மை சற்றே மாறினாலும் நிழல்களும் சாம்பல் நிறங்களும் பச்சைப் பக்கமோ மெஜந்தாப் பக்கமோ சாயும். பிளீச்சும் ஃபிக்ஸரும் பெருந்தன்மையானவை. அவற்றில் நேரம் கூடினால் கெடுதல் இல்லை, பல டிகிரி ஏற்ற இறக்கத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஆக, வீடா லேபா என்ற கேள்வியை இப்படித்தான் கேட்க வேண்டும்: அந்த முதல் ஆறு நிமிடங்களை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடத்தித் தரப்போவது யார்?

நல்ல லேப் அதை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். பெரிய ஈ-6 லேப்களில் ஃபிலிம் உருளைகளுக்கு நடுவே ஓடாது. சட்டத்தில் செங்குத்தாகத் தொங்கியபடி ஒரு தொட்டியிலிருந்து தூக்கி அடுத்த தொட்டியில் இறக்கப்படும். கரைசலைக் கலக்க அடியிலிருந்து நைட்ரஜன் குமிழிகள் எழும்பும். வாடிக்கையாளரின் ஃபிலிம் உள்ளே போவதற்கு முன்பு, தொழிற்சாலையிலேயே அளவாக ஒளி காட்டி அனுப்பிய கன்ட்ரோல் ஸ்ட்ரிப் ஒன்றை ஓட்டுவார்கள். அதன் அடர்த்தியை டென்சிட்டோமீட்டரில் அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். புள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டினால் அன்றைய வேலை நிற்கும். எந்தக் கரைசல் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்துத் திருத்திய பிறகே ஃபிலிம் இறங்கும். இந்தக் கண்டிப்பை வீட்டில் கொண்டுவருவது மிகக் கடினம்.

ஆனால் அந்தக் கண்டிப்பைக் காப்பாற்ற ஃபிலிம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லேப் தொட்டியில் இருப்பது தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும் டெவலப்பர் இல்லை. ஓடும் ஃபிலிமின் அளவுக்கேற்பப் புதுக் கரைசல் சேர்த்துக்கொண்டே வருவார்கள். ஃபிலிமிலிருந்து கரைந்து வரும் புரோமைடும் புதிதாகச் சேரும் ரசாயனமும் ஒன்றையொன்று ஈடுகட்டும். நாள் முழுக்க வேலை இருந்த காலத்தில் அந்தச் சமநிலை தானாக நின்றது. வாரம் முழுவதும் தொட்டி சும்மா கிடந்தால் நிலைமை வேறு. தண்ணீர் ஆவியாகும், காற்று பட்டு டெவலப்பர் சோரும். ஃபிலிமின் கணக்கில் சேர்க்கப்படும் புதுக் கரைசல் இந்த இழப்பை ஈடுசெய்யாது. இந்தியாவில் இன்று ஈ-6 செய்யும் லேப்கள் மிகச் சில. உலகெங்கும் இதே கதைதான். எனவே லேபின் பழமையையோ பெயரையோ பார்த்து ஃபிலிமைக் கொடுக்க மாட்டேன். வாரத்தில் எத்தனை நாள் ஸ்லைடு ஓட்டுகிறீர்கள், கன்ட்ரோல் ஸ்ட்ரிப் வைக்கிறீர்களா என்று கேட்பேன். இதற்கு உற்சாகமாகப் பதில் சொல்லும் லேபிடம் தாராளமாகக் கொடுக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ரோல்களைச் சேர்த்துவைத்து ஓட்டுகிறோம் என்றால், ஒவ்வொரு தடவையும் புதுக் கரைசல் கலக்கிறீர்களா என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், உங்கள் வீட்டில் கலக்கும் புதுக் கரைசலே மேல்.

லேபை மட்டுமே நம்பியிருந்த ஒரு ஃபிலிமுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு உதாரணமான கோடாக்ரோமை மறக்க முடியாது. லியோபோல்ட் கோடாவ்ஸ்கி, லியோபோல்ட் மேனஸ் என்ற இரண்டு இசைக்கலைஞர்கள், ஒருவர் வயலின், மற்றவர் பியானோ, இளம் வயதில் வீட்டுக் குளியலறையிலும் சமையலறைத் தொட்டியிலும் தொடங்கிய சோதனைகளிலிருந்து பிறந்தது அது. இருட்டில் கடிகாரம் தெரியாததால் பிராம்ஸின் சிம்பொனியை விசிலடித்து நிமிடங்களைக் கணக்கிட்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. 1935இல் சினிமா ஃபிலிமாகவும் மறு ஆண்டு ஸ்லைடாகவும் கோடாக் அதை வெளியிட்டது. கோடாக்ரோமில் கப்ளர்கள் ஃபிலிமுக்குள் இல்லை. அவை மூன்று தனித்தனி கலர் டெவலப்பர்களில் இருந்தன. குறிப்பிட்ட நிற வெளிச்சத்தை இடையிடையே காட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக டெவலப் செய்ய வேண்டும். வீட்டுக் குளியலறையில் தொடங்கிய ஃபிலிமை எந்த வீட்டிலும் கழுவ முடியாமல் போனது இப்படித்தான். 2009இல் தயாரிப்பு நின்றது. கடைசியாகத் தயாரான ரோல் ஒன்றைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி இந்தியாவுக்கும் எடுத்துவந்து, ராஜஸ்தானில் ரபாரி மக்களைப் படமெடுத்தார். கடைசியில் எஞ்சிய ஒரே லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரிலிருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30க்கு மேல் அதுவும் ரோல்களை வாங்கவில்லை. அதன்பிறகு யாருடைய பெட்டியிலாவது கழுவாத கோடாக்ரோம் அகப்பட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் எடுக்க முடியும். யாரோ ஒருவருடைய கல்யாணத்தின் நிறம் அதோடு போய்விட்டது. ஈ-6 வீட்டிலும் பிழைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். செலவு மிச்சமாவதெல்லாம் அடுத்தது.

வீட்டில் செய்ய நம் ஊரின் வெயில் ஒரு வரம். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு வேண்டியது 20 டிகிரி. சென்னையில் அதற்காக ஐஸ்கட்டியோடு போராட வேண்டும். ஈ-6க்கு 38. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே அந்தச் சூட்டை நெருங்கியிருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சூ-வீட் கருவியை அதில் வைத்து, பாட்டில்களையும் டேங்கையும் கழுத்தளவு அமிழ்த்தினால் போதும். டப்பின் சூட்டை நம்பாமல் டெவலப்பர் பாட்டிலுக்குள்ளேயே தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். இரண்டின் சூடும் ஒன்றாவதற்கு நேரம் பிடிக்கும். டேங்கையும் முன்கூட்டியே சூடாக்கிவிடுங்கள். குளிர்ந்த டேங்கில் ஊற்றினால் முதல் நிமிடத்திலேயே ஒரு டிகிரி இறங்கிவிடும். தொந்தரவு தருவது வியர்வை. ஒளி புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டுச் சற்று நேரத்தில் உள்ளே புழுங்கும். ஈரம் பட்ட பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஜன்னலை முழுக்க அடைத்து, இரவில், மின்விசிறிக்குக் கீழே வெறும் கையால் ரீலில் ஏற்றுவது எவ்வளவோ நல்லது.

கடையில் கிடைக்கும் கிட்களில் இரண்டு வகை உண்டு. மூன்று கரைசல் கிட்டில் ரிவர்சல் வேலையைக் கலர் டெவலப்பரே செய்துவிடும், பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒரே பாட்டிலில் சேர்ந்திருக்கும். ஆறு கரைசல் கிட்டில் எல்லாம் தனித்தனி. என் ஓட்டு ஆறுக்கே. பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுகொண்டே இருக்கும், சீக்கிரம் சோர்ந்துவிடும். ஃபிலிமில் கொஞ்சம் வெள்ளி தங்கிவிட்டால் நிறங்கள் அழுக்குப் படிந்ததுபோல் மங்கும். அப்படி நேர்ந்தாலும் இழப்பில்லை. பல மாதம் கழித்துக்கூட நல்ல பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி போட்டு எடுக்கலாம். இரண்டு டெவலப்பர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றைக் கலந்த நாளிலிருந்து சில வாரங்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், பாட்டிலை விளிம்பு வரை நிரப்பிக் காற்றைத் துரத்த வேண்டும். எடுத்த ரோல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்துவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலந்து, அன்றே எல்லாவற்றையும் கழுவிவிடுவது உத்தமம். லேபுக்கு ஃபிலிம் ஓட்டம் தரும் உறுதியை வீட்டில் தருவது புதுக் கரைசல்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். கலர் டெவலப்பர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அளந்த குவளையும் கலக்கிய கரண்டியும் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். கிணறும் செப்டிக் டேங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நம் வீடுகளில் அதைச் சாக்கடையில் ஊற்றுவது பெரிய தப்பு. கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி மீட்பவர்களிடமோ லேபிடமோ கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்காக நடக்கும் லேப் வீட்டைவிட எப்போதும் மேல்.

மறுபடி எடுக்கவே முடியாத படமென்றால்? தினமும் ஓடும் லேப் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கேதான் கொடுப்பேன். இல்லையென்றால், விளம்பரப் புகைப்படக்காரர்கள் லேபில் கேட்டு வாங்கிய ஒரு வசதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ரோல் எடுக்கும்போதே முதல் நாலைந்து ஃப்ரேம்களில் அதே வெளிச்சத்தில் முக்கியமில்லாத எதையாவது எடுத்துவிடுங்கள். இருட்டில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, ஆறு நிமிடக் கணக்கில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் படம் சற்றுப் பால் படர்ந்ததுபோல் தெரியும், அதை வைத்து முடிவெடுக்கக்கூடாது. காய்ந்த துண்டை லைட் பாக்ஸில் வைத்துப் பாருங்கள். இருண்டிருந்தால் மிச்ச ரோலுக்கு முதல் டெவலப்பர் நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு ஸ்டாப் அளவுக்கு இருண்டிருந்தால் எட்டு நிமிடம் வரை போகலாம். வெளிறியிருந்தால் குறையுங்கள். வேறு எந்தக் கரைசலின் நேரத்தையும் தொட வேண்டாம்.

(தொடரும்)