குளிர்கால மலையேற்றத்திற்கான தூவி உறக்கப் பை

மலையேறுபவர்கள் ஸ்லீப்பிங் பேக் என்று அழைக்கும் உறக்கப் பைகளில், பறவையின் மென்தூவியை நிரப்பிச் செய்யப்படுவது தூவி உறக்கப் பை ஆகும். கடைகளில் இது டவுன் பேக் எனப்படுகிறது. அதே அளவு கதகதப்பைத் தரும் செயற்கை இழைப் பைகளைவிட இதன் எடை குறைவு. அழுத்திச் சுருட்டினால் சிறிய இடத்தில் அடங்கிவிடும். இதனால் உறைநிலைக்குக் கீழான குளிரில் கூடாரமிட்டுத் தங்குவோர் இதையே பெரிதும் விரும்புகின்றனர். விலை கூடுதல் என்பதும், நனைந்தால் பயன் குறைந்துவிடும் என்பதும் இதன் குறைகள். பை வாங்குவோரில் பலர் தவறுவது, அதன் மீது அச்சிடப்பட்டிருக்கும் வெப்பநிலை எண்ணைப் புரிந்துகொள்வதில்தான். கடையில் செய்யும் அந்தத் தவறு 4,000 மீட்டர் உயரத்தில், நள்ளிரவில், உடல்வெப்பத் தாழ்வாக முடியக்கூடும்.

தூவி

வாத்து, கூஸ் எனப்படும் பெரிய வாத்து ஆகிய நீர்ப்பறவைகளின் வெளிச் சிறகுகளுக்கு அடியில், தோலை ஒட்டி வளரும் மிக மென்மையான பஞ்சு போன்ற பகுதியே தூவி. சாதாரண இறகில் உள்ள கெட்டியான நடுத்தண்டு இதில் இல்லை. ஒரு மையப் புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் நுண்ணிழைகள் விரிந்திருக்கும். அழுத்தினால் சுருங்கும், விட்டால் மீண்டும் விரியும்.

தமிழில் இச்சொல் பழமையானது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, வாடைக்காற்று வீசும் கூதிர் காலத்தில் அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவியால் ஆன அணை இடப்பட்டிருந்ததைக் கூறுகிறது. குளிருக்குத் தூவி ஏற்றது என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆனால் உயர்மலை ஏற்றத்தில் அது இடம்பிடிக்கக் காலம் ஆனது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை நிரப்பித் தைத்த மேலங்கியை அணிந்து சென்றார். கம்பளி, கபர்டீன் உடைகளே முறையானவை என்று கருதப்பட்ட காலம் அது.

கதகதப்பு எங்கிருந்து வருகிறது

உறக்கப் பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே படுத்திருப்பவரின் உடல்தான் அடுப்பு. பை செய்வதெல்லாம் அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பதே. தூவியின் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே இங்கு காப்புப் பொருள். எனவே பை எவ்வளவு உப்பி நிற்கிறதோ அவ்வளவு கதகதப்பு என்று பொதுவாகக் கொள்ளலாம்.

இந்த உப்பும் திறன் ஃபில் பவர் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. ஒரு அவுன்சு, அதாவது சுமார் 28 கிராம் தூவி, குறிப்பிட்ட எடையின் அழுத்தத்தில் எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். 600 ஃபில் பவர் தூவி சுமார் 9.8 லிட்டர் இடத்தையும், 800 ஃபில் பவர் தூவி சுமார் 13.1 லிட்டர் இடத்தையும் நிரப்பும்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்குவது எளிது. 800 என்று அச்சிட்டிருப்பதால் ஒரு பை 600 என்று அச்சிட்ட பையைவிடக் கதகதப்பானது ஆகிவிடாது. உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 800 ஃபில் பவரில் 500 கிராமும், 600 ஃபில் பவரில் 650 கிராமும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பும். முதலாவது 150 கிராம் எடை குறைவு, விலை அதிகம், அவ்வளவே. நிரப்பிய தூவியின் எடையைச் சொல்லாமல் ஃபில் பவரை மட்டும் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் பையை ஐயத்துடன் பார்ப்பது நல்லது. 90/10 என்பது போன்ற குறிப்பும் பையில் இருக்கும். நூற்றில் தொண்ணூறு பங்கு தூவி, பத்துப் பங்கு சிற்றிறகு என்பது அதன் பொருள்.

பையில் அச்சிட்ட வெப்பநிலை

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி ஒரு வெப்பநிலையைக் குறித்தது. இதை ஒழுங்குபடுத்த 2002இல் ஐரோப்பாவில் ஈ.என் 13537 என்ற தரநிலை வந்தது. பின்னர் 2016இல் ஐ.எஸ்.ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரநிலை அதன் இடத்தைப் பிடித்தது. வெப்பமூட்டப்பட்ட ஒரு மனித உருவப் பொம்மைக்கு மெல்லிய முழுநீள உள்ளாடை அணிவித்து, பைக்குள் இட்டு, குளிரூட்டிய அறையில் பாயின் மேல் கிடத்தி, அது வெப்பத்தை இழக்கும் அளவைப் பல உணரிகள் வழியே கணக்கிடுகின்றனர். அதிலிருந்து பெறப்படும் எண்களில் மலையேறுபவருக்கு முக்கியமானவை மூன்று.

கம்ஃபர்ட் எனப்படும் சுக வெப்பநிலை, ஒரு சராசரிப் பெண் இயல்பாகப் படுத்துக் குளிர் உணராமல் உறங்கக்கூடிய அளவு. லிமிட் எனப்படும் எல்லை வெப்பநிலை, ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் விழிக்காமல் உறங்கக்கூடிய அளவு. மூன்றாவதான எக்ஸ்ட்ரீம், உறக்கத்தைப் பற்றியதே அல்ல. ஒரு சராசரிப் பெண் உடல்வெப்பத் தாழ்வால் இறந்துவிடாமல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு அது. அந்நிலையில் கடும் நடுக்கம் இருக்கும். விரல்களில் பனிக்கடி ஏற்படவும் வாய்ப்புண்டு.

ஒரே பைக்கு இந்த மூன்றும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதை அறிந்தால் சிக்கல் விளங்கும். கம்ஃபர்ட் மைனஸ் 1 டிகிரி உள்ள பையின் லிமிட் மைனஸ் 7 அளவிலும், எக்ஸ்ட்ரீம் மைனஸ் 25 அளவிலும் இருக்கக்கூடும். விற்பனைப் பக்கத்தில் மைனஸ் 25 என்ற எண் மட்டும் பெரிதாகத் தெரிந்தால், வாங்குபவர் அதை நம்பி மைனஸ் 15 டிகிரி இரவுக்குள் செல்வார். அவர் கையில் இருப்பது உண்மையில் உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கான பை.

ஆகவே செல்லவிருக்கும் இடத்தின் மிகக் குறைந்த இரவு வெப்பநிலையைக் கம்ஃபர்ட் எண்ணுடன் ஒப்பிடுவதே பாதுகாப்பான முறை. லிமிட் எண்ணை நம்பலாம் என்ற கருத்தும் மலையேறுபவர்களிடையே உண்டு. ஆனால் அந்தச் சராசரி ஆண் களைத்துப்போகாதவர், நன்றாக உண்டவர், உயரத்திற்குப் பழகியவர். நாள் முழுதும் பனியில் நடந்து, உயரத்தால் பசியிழந்து, அரைவயிற்றுடன் படுப்பவரின் உடல் அந்த அளவு வெப்பத்தைத் தராது. சமவெளியிலிருந்து முதல்முறை இமயமலைக்குச் செல்பவர் கம்ஃபர்ட் எண்ணிலும் ஐந்து டிகிரி இடைவெளி விட்டுக்கொள்வது மிகையல்ல.

இந்தத் தரநிலை குழந்தைகளுக்கான பைகளுக்கும், கடுங்குளிர் ஆய்வுப் பயணங்களுக்கான பைகளுக்கும் பொருந்தாது. தரநிலையின் பெயரே குறிப்பிடாமல் வெறும் எண் மட்டும் போட்டிருந்தால், அது தயாரிப்பாளரின் சொந்த மதிப்பீடு என்றே கொள்ள வேண்டும்.

எந்த இடத்திற்கு எவ்வளவு

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். தெளிந்த வானமுள்ள இரவில் பனிப்பரப்பின் மேல் இது இன்னும் குறையும். உத்தரகண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா சிகரத்திற்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் செல்வோர் முகாமில் மைனஸ் 10 டிகிரி வரையிலான இரவுகளை எதிர்பார்க்க வேண்டும். லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் சாதர் பயணம் வேறு வகை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கு இரவில் மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. முதலாவதற்குப் போதுமான பை இரண்டாவதற்குப் போதாது. இரண்டுக்கும் சேர்த்து மிகக் கனத்த பையாக வாங்கிவிடுவதும் சரியன்று. தேவைக்கு மிஞ்சிய பையில் உடல் வியர்க்கும், வியர்வை தூவியை நனைக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத் தூவிப் பை தேவையே இல்லை. அங்கு எளிய செயற்கை இழைப் பை போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செல்பவருக்கு வாடகைப் பை ஏற்றது. கூடாரத்துடன் பையையும் தரும் பயண நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, அவர்கள் சொல்லும் எண் கம்ஃபர்ட்டா, லிமிட்டா என்பதுதான். பலமுறை பயன்பட்டு உப்பும் திறன் இழந்த பை, வாங்கியபோது இருந்த எண்ணை எட்டாது. விரித்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அறைகளில் தூவி ஓரத்தில் திரண்டு, நடுப்பகுதி வெறும் துணியாக வெளிச்சம் தெரிந்தால் வேறு பை கேட்கலாம்.

தையலும் வடிவமும்

தூவி ஒரு பக்கமாகச் சரியாமல் இருக்கப் பை பல அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. மலிவான முறையில் வெளித்துணியும் உள்துணியும் நேராகச் சேர்த்துத் தைக்கப்படும். ஒவ்வொரு தையல் கோட்டிலும் தூவியே இல்லாததால் அந்தக் கோடுகளின் வழியே குளிர் இறங்கும். இரு துணிகளுக்கும் இடையே சிறு தடுப்புச் சுவர் வைத்துத் தைப்பது பாக்ஸ் பாஃபிள் முறை. உறைநிலைக்குக் கீழே செல்லும் எவருக்கும் இதுவே தகுந்தது.

தோளில் அகன்று காலில் குறுகும் மம்மி வடிவம் உள்ளே சூடாக்க வேண்டிய காற்றின் அளவைக் குறைக்கிறது. தலையை மூடும் தொப்பி, கழுத்தைச் சுற்றித் தூவி நிரப்பிய பட்டை, ஜிப்பின் உட்புறம் நெடுக ஓடும் தூவிக் குழாய் ஆகிய மூன்றும் இல்லாத பையைக் குளிர்காலப் பை என்று சொல்வது பொருந்தாது. அளவும் முக்கியம். பை மிக நீளமானால் கால்மாட்டில் வெற்றிடம் குளிரும். மிக இறுக்கமானால் தோளும் முழங்காலும் தூவியை உள்ளிருந்தே நசுக்கும். தடித்த ஜாக்கெட்டுடன் இறுக்கமான பைக்குள் நுழைபவருக்குக் கூடுதல் குளிர் எடுப்பது இதனால்தான். உடையின்றிப் படுத்தால் அதிகக் கதகதப்பு என்ற பேச்சும் உண்மையன்று. உலர்ந்த, தளர்வான உள்ளாடை எப்போதும் உதவும்.

அடியில் விரிக்கும் பாய்

உடலின் எடையால் முதுகுக்குக் கீழுள்ள தூவி முழுவதும் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய தூவியில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் காப்பும் இல்லை. அங்கே காப்பது பாய் மட்டுமே. விலையுயர்ந்த பையை வாங்கிவிட்டு மெல்லிய நுரைப் பாயின் மேல் படுப்பவர் இரவெல்லாம் நடுங்கிவிட்டுப் பையைக் குறை சொல்வதுண்டு.

பாயின் காப்புத் திறன் ஆர் மதிப்பு எனப்படும் எண்ணால் குறிக்கப்படுகிறது. சாதாரண நுரைப் பாய் ஏறத்தாழ 2 மதிப்புடையது. பனியின் மேல் படுக்க 5 அல்லது அதற்கு மேல் தேவை என்பது பொதுவான நடைமுறை. இரண்டு பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் மதிப்புகள் கூடும். எனவே காற்றடைத்த பாயின் கீழ் நுரைப் பாயை இடுவது செலவு குறைந்த வழி. காற்றுப் பாய் ஓட்டையானாலும் நுரைப் பாய் மிஞ்சும்.

ஈரம் என்னும் எதிரி

நனைந்த தூவி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பும் தன்மையை இழக்கிறது. மழையை விடவும் நயமாக வேலை செய்வது உடலிலிருந்து வரும் ஈரம். தோலிலிருந்து வெளியேறும் நீராவி பையின் வெளி அடுக்கை நெருங்கும்போது குளிர்ந்து நீராகிறது, கடுங்குளிரில் பனியாகவே உறைகிறது.

இதன் கடுமையான சான்று அண்டார்க்டிக்காவில் கிடைத்தது. 1911இல் ஸ்காட்டின் பயணக் குழுவைச் சேர்ந்த வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவர், பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடித் துருவக் குளிர்கால இருளில் சுமார் ஐந்து வாரங்கள் நடந்தனர். கலைமான் தோலால் ஆன அவர்களின் உறக்கப் பைகளுக்கு ஈடர் தூவியால் உள்ளுறையும் இருந்தது. உலர்த்த வழியே இல்லாததால் வியர்வையும் மூச்சும் பைகளில் உறைந்து சேர்ந்தன. புறப்படும்போது சுமார் 8 கிலோ எடையிருந்த செர்ரி-கரார்டின் பை, திரும்பியபோது சுமார் 20 கிலோ இருந்தது. கூடுதலாக இருந்தது பனிக்கட்டி.

சில நாள் மலையேற்றத்தில் நிலைமை அவ்வளவு மோசமாகாது. ஆயினும் குளிருக்குப் பயந்து முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடுவது இதே வேலையைத் தொடங்கி வைக்கும். மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். மூக்குக் குளிர்ந்தால் துணி சுற்றிக்கொள்ளலாம். காலையில் பையை உடனே சுருட்டாமல் உட்புறம் வெளியே தெரியப் புரட்டி வெயிலில் விரித்தால் ஈரம் பெரும்பாலும் போய்விடும். நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவியும் விற்கப்படுகிறது. அது நனைவதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது. தொடர் மழையில் செல்ல நேர்ந்தால், எடை கூடினாலும் செயற்கை இழைப் பையே நம்பத்தக்கது.

வாங்கிய பிறகு

தூவி இறைச்சிக்காக வளர்க்கப்படும் பறவைகளிடமிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. உயிருள்ள பறவையிடமிருந்து பிடுங்குதல், வலுக்கட்டாயமாக உணவூட்டுதல் ஆகியவற்றைத் தடைசெய்யும் ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட் என்ற சான்று 2014இல் வந்தது. இதில் அக்கறை உள்ளவர்கள் பையின் சீட்டில் அந்தச் சான்றைத் தேடலாம்.

பயணத்தின்போது அழுத்திச் சுருட்டும் சிறு உறையிலேயே பையை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தூவி மீண்டும் விரியும் ஆற்றலை இழக்கும். வீட்டில் பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டுத் தொங்கவிட வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், இடையிடையே எடுத்துக் காற்றாட விரிப்பது அவசியம். துவைப்பது அரிதாகவே இருக்கட்டும். தூவிக்கென விற்கும் மென்மையான சோப்பும், முன்பக்கம் திறக்கும் இயந்திரமும் ஏற்றவை. ஈரப் பையைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் உள்தடுப்புகள் கிழியும். இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளுடன் சுழலவிட்டால் கட்டிகள் உடையும். தடவிப் பார்க்கையில் எங்கும் கட்டி தட்டுப்படாத வரை உலர்த்தல் முடியவில்லை என்றே பொருள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும்.