தள்ளுவண்டியின் பின்னே ஒரு பலகை



சென்ற மாதம் கொச்சங்காடியில் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த இளங்குடும்பம். மூத்தவனுக்கு மூன்று வயது. இளையவளுக்கு ஐந்து மாதம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் குழந்தையின் தள்ளுவண்டியையும், அதன் பின்னே மாட்டும் சக்கரப் பலகையையும் கொடுத்துப் போயிருந்தார். "பாஸ்டர், இதில் இவனை நிறுத்தி இரண்டு பேரையும் ஒன்றாய்த் தள்ளிக்கொண்டு போகலாமா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். கணவர் விடியற்காலையில் போனால் இரவில்தான் திரும்புவார். தாயாரும் மாமியாரும் ஊரில் இருக்கிறார்கள். அவருடைய களைப்பு அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

இந்தப் பலகைக்கு இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. இரு கைகளால் வண்டியின் பின்சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். பிள்ளை முன்நோக்கி நின்று சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து, சுமார் 20 கிலோ எடைவரைக்கும் என்று குறித்திருப்பார்கள். நின்று செல்லும் பிள்ளைக்கு வார் கிடையாது. ஆகையால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவனை ஏற்றலாகாது. அவன் பின்னே சாய்ந்து கைப்பிடியை இழுத்தாலோ, கைப்பிடியில் மீன் பையும் காய்கறிப் பையும் தொங்கினாலோ, வண்டி பின்புறமாய்க் கவிழக்கூடும். குழந்தையை வண்டியிலிருந்து தூக்குமுன் மூத்தவனை முதலாவது இறக்குங்கள். முன்பாரம் போனபின் கவிழ்வது இன்னும் எளிது.

கொச்சங்காடியோ பழைய ஊர். இங்கிருந்த யூத ஜெபாலயத்தின் 1344-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இப்போது ஜூ டவுனிலுள்ள பரதேசி ஜெபாலயத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தின் சந்துகளில் சிறு சக்கரம் எவ்வளவு தூரம் ஓடும்? ஓடையை மூடிய கற்பலகைகளின் இடைவெளியில் சிக்கும். ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் வழிவிட ஒதுங்கினால் பிள்ளைதான் சுவரில் உரசுவான். மழைநாளில் பலகை வழுக்கும். ஆகவே சந்துகளில் வேண்டாம் என்றே சொன்னேன். அங்கே குழந்தையை முகம் தெரியும்படி, தாடை மார்பில் அழுந்தாதபடி, தூளித் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு, மூத்தவனை வண்டியில் உட்காரவைத்து வாரிட்டுத் தள்ளுவது நலம்.

பலகைக்கு ஏற்ற இடங்களும் உண்டு. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை நடைபாதையில் சமமான பகுதிகளில் ஓட்டலாம். 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி நிலையம் 2025-இல் திறக்கப்பட்டது. மிதக்கும் மேடை நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால், படகில் ஏறுவது பழைய படகுத்துறையைப்போல் அச்சமாயிராது. ஆனாலும் மேடைக்கும் படகுக்கும் நடுவே பையனை இறக்கிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையோர மேட்டில் ஏறும்போதும் அப்படியே. காலுக்கு ஹவாய் செருப்பு வேண்டாம். வாரிட்ட செருப்பு போடுங்கள்.

தள்ளுகிறவருக்கும் பாடு உண்டு. பலகை நம் கால்களுக்கு முன்னே இருப்பதால் கணுக்கால் இடிபடும். கைகளை நீட்டிச் சிற்றடி வைத்து நடக்கவேண்டும். பிரசவித்துச் சில மாதங்களேயான தாய்க்கு இதனால் இடுப்பு நோகும். தகப்பன்மார் விடுமுறை நாளிலாவது தள்ளினால் என்ன?

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. தங்கை பிறந்த நாள்முதல் அந்த வண்டி அவளுடையதாயிற்று. "நடக்க மாட்டேன்" என்று தெருவில் உட்கார்ந்த மூத்தவனைப் பிடிவாதக்காரன் என்று வீட்டார் கடிந்துகொண்டார்கள். அவனுக்கோ தன் இருக்கை பறிபோயிற்று. பலகையில் நிற்கிறபோது தாயின் இரு கைகளுக்கும் நடுவே அவனுக்கு மறுபடியும் இடம் கிடைக்கிறது. ஏசா உடன் வர அழைத்தும், பிள்ளைகளின் நடைக்கேற்ப மெதுவாய் வருகிறேன் என்று பின்தங்கிய யாக்கோபை அந்த வீட்டாருக்கு நினைப்பூட்டினேன்.

வாங்க நினைப்போர் முதலில் வண்டியின் பின்சட்டத்தை அளந்து பாருங்கள். எல்லாப் பலகையும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. வேறு நிறுவனத்தின் பலகையை மாட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று சில வண்டிகளின் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும்.